இறக்கையின் வடிவமும் பறவையின் பயணமும்



 

சென்ற தை மாதத்தில் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியிறங்கிக் கொண்டிருந்தேன். நம் ஜமாஅத்தைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் கையில் துணிப்பையுடன் காத்திருந்தார். "ஹஜ்ரத், உப்பளத்துச் சாலையில் உள்ளான் விற்கிறார்கள். நான்கு வாங்கி வந்திருக்கிறேன். வீட்டில் உம்மா உங்களிடம் கேட்டுவிட்டு வரச் சொன்னார்கள். இதை அறுத்துச் சாப்பிடக் கூடுமா?" என்று கேட்டார். பைக்குள் நான்கும் உயிரோடு இருந்தன. கால்கள் நூலால் கட்டப்பட்டிருந்தன.

கேட்டுவிட்டுச் செய்வோம் என்று எண்ணிய அந்தத் தாயை நான் மெச்சுகிறேன். ஆனால் "கூடும்" என்றோ "கூடாது" என்றோ ஒரே சொல்லில் பதில் கூற அன்று எனக்கு மனம் வரவில்லை. ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்தேன். ஒரு கோழிமுட்டையின் எடைதான் இருக்கும். அதன் இறக்கையை மெல்ல விரித்து, "தம்பி, இதைப் பாருங்கள், பிறகு பேசுவோம்" என்றேன். அன்று படிக்கட்டில் தொடங்கிய பேச்சைத்தான் இன்று உங்களிடமும் பேசப் போகிறேன்.

அடுத்த முறை வீட்டில் கோழி அறுக்கும்போது அதன் இறக்கையை விரித்துப் பாருங்கள். நுனியில் பத்து நீண்ட இறகுகள் உண்டு. மனிதனுக்குக் கையென்று சொல்லத்தக்க எலும்பிலிருந்து அவை முளைக்கின்றன. கோழியில் இவற்றுள் நடுவில் உள்ளவையே நீளமானவை. வெளியோரத்து இறகுகள் குட்டையானவை. ஆகவே விரித்த இறக்கையின் நுனி விசிறியைப் போல வட்டமாக இருக்கும். உள்ளானின் இறக்கையோ அப்படியன்று. வெளியோரத்து இறகே எல்லாவற்றிலும் நீளமானது. அதற்கடுத்தவை படிப்படியாகக் குறைந்துகொண்டே வரும். எனவே இறக்கை நீண்டு, குறுகி, கத்திமுனைபோல் கூர்ந்து முடிகிறது. ஒன்று முற்றத்தில் வாழப் படைக்கப்பட்டது. மற்றொன்று, உள்ளான் என்று நம் கடலோர மக்கள் பொதுப்பெயரால் அழைக்கும் கூட்டத்தில் பல இனங்களைப் போல, வடதுருவத்துக்கு அருகில் சைபீரியாவின் பனிவெளியில் முட்டையிட்டுப் பொரிந்து, அங்கிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து நம் உப்பளத்துக்கு வந்து சேர்வது.

இதற்குக் காரணம் என்ன? பறக்கும்போது இறக்கைக்கு அடியில் காற்றழுத்தம் மிகுதி, மேலே குறைவு. அதனால்தான் பறவை மேலே தாங்கப்படுகிறது. ஆனால் இறக்கையின் நுனியில் அடிக்காற்று மேற்புறமாகச் சுழன்று ஏறிவிடுகிறது. அந்தச் சுழல் பறவையைப் பின்னுக்கு இழுக்கும். இறக்கை நீண்டு கூர்ந்திருந்தால் அந்த இழுவை குறையும். ஒரே அளவு கொழுப்பை எரித்து அதிக தூரம் செல்லலாம். அப்படியானால் எல்லாப் பறவைகளுக்கும் கூரிய இறக்கை இருந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். பூனை பாயும்போது ஒரே தாவலில் மேலெழும்பவும், முட்புதர்களுக்கிடையே சட்டென்று திரும்பவும் வட்ட இறக்கையே உதவும். ஊரிலேயே இருப்பவனுக்கும் வழிப்பயணிக்கும் தேவைகள் வேறு.

19-ஆம் நூற்றாண்டில் சைபீரியா வரை சென்று பறவைகளை ஆராய்ந்த ஹென்றி சீபோம் என்ற ஆங்கிலேயர் இதைக் கவனித்தார். நெருங்கிய உறவுள்ள பறவைகளில், நெடும்பயணம் செல்பவற்றின் இறக்கை ஓரிடத்தில் தங்கிவிடுபவற்றின் இறக்கையைவிட நீண்டு கூர்ந்திருக்கும் என்பது அவர் கண்டது. இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. இது விதிவிலக்கே இல்லாத சட்டம் என்று யாரும் எண்ண வேண்டாம். இரையைத் துரத்தும் முறை, வாழும் காடு அடர்ந்ததா திறந்ததா என்பன போன்ற வேறு காரணங்களும் இறக்கையின் வடிவத்தில் பங்கு வகிக்கின்றன. ஆனாலும் பெரும்பாலும் இறக்கையைப் பார்த்து வழியைச் சொல்லிவிடலாம்.

நமக்கு மிகவும் அறிமுகமான ஒரு பறவையை எடுத்துக் கொள்வோம். பனீ இஸ்ராயீல் மக்களுக்குப் பாலைவனத்தில் அல்லாஹ் மன்னையும் ஸல்வாவையும் இறக்கியதாகத் திருக்குர்ஆன் மூன்று இடங்களில் (2:57, 7:160, 20:80) கூறுகிறது. ஸல்வா என்பது காடை, அல்லது காடையைப் போன்ற பறவை என்பது விரிவுரையாளர்கள் பலரின் கருத்து. மத்ரஸாவில் இதை ஓதிய காலத்தில் எனக்கொரு வியப்பு இருந்தது. கோழி, கௌதாரி, மயில், காடை எல்லாம் ஒரே குடும்பம். தரையில் ஓடித் திரியும் கனத்த உடம்பு கொண்டவை. இவற்றுள் ஒன்று கூட்டங்கூட்டமாகப் பாலைவனத்தில் எப்படி வந்து இறங்கியது?

பிற்காலத்தில் படித்தபோதுதான் விளங்கிற்று. அந்தக் குடும்பத்தில் கண்டம்விட்டுக் கண்டம் செல்லும் பறவைகள் மிகச் சில. அவற்றில் முதன்மையானது காடை. கௌதாரியின் இறக்கை குட்டையாக வட்டமாக இருக்க, காடையின் இறக்கை உடம்பை நோக்க நீண்டும் கூர்ந்தும் இருக்கிறது. ஏறத்தாழ 100 கிராம் எடையுள்ள அந்தப் பறவை ஐரோப்பாவில் கோடையைக் கழித்துவிட்டு, இலையுதிர்காலத்தில் மத்தியதரைக் கடலைத் தாண்டி ஆப்பிரிக்கா செல்கிறது. துருக்கியின் தென்கரைக்கும் எகிப்தின் வடகரைக்கும் இடையே ஏறத்தாழ 500 கிலோமீட்டர் கடல். கழுகைப் போல மிதந்து செல்ல அதற்கு வராது. வழி நெடுகிலும் இறக்கையடித்தே ஆக வேண்டும். பெரும்பாலும் இரவில் பறந்து, விடியலில் சினாய்க் கரையிலும் எகிப்தின் கரையிலும் வந்து விழுகிறது. விழுகிறது என்றே சொல்ல வேண்டும். கையால் பிடிக்கும் அளவுக்குச் சோர்ந்து கிடக்கும்.

(இதைக் கேட்டுவிட்டுக் காடை பிரியாணியை நிறுத்த வேண்டுமோ என்று யாரும் கவலைப்பட வேண்டாம். நம் ஊர்க் கடைகளில் கிடைப்பது பண்ணையில் வளர்க்கும் ஜப்பானியக் காடை. அது வேறு இனம். எங்கும் பயணம் போவதில்லை.)

காடையைப் பற்றி 2022-இல் வெளியான ஓர் ஆய்வு இன்னும் வியப்பானது. ஸ்பெயினின் தென்பகுதியில் உள்ள காடைகளில் ஒரு பிரிவு பயணத்தைப் பெரிதும் கைவிட்டிருக்கிறது. அவற்றின் மரபணுத் தொகுதியில் ஒரு பெரும்பகுதி தலைகீழாகத் திரும்பியிருப்பதை ஆய்வாளர்கள் கண்டார்கள். அந்தக் காடைகள் உடல் பருத்து, தொண்டை கருத்து, இறக்கை நுனி வட்டமாகி இருக்கின்றன. ஒரே இனம், ஒரே நாடு. ஊரில் தங்கிய கூட்டத்தின் இறக்கை வட்டமாகிவிட்டது.

இதைவிடக் குறுகிய காலத்தில் நடந்த மாற்றமும் உண்டு. கருந்தொப்பி அணிந்தாற்போல் தலையுள்ள ஒரு சிறு பாடும் பறவை ஐரோப்பாவில் இருக்கிறது. ஜெர்மனிப் பகுதியிலிருந்து அது குளிர்காலத்துக்கு ஸ்பெயின் செல்வது வழக்கம். 1960-களிலிருந்து அவற்றில் ஒரு கூட்டம் அருகிலுள்ள பிரிட்டனுக்குச் செல்லத் தொடங்கியது. அங்கே மக்கள் தோட்டங்களில் உணவு வைக்கிறார்கள்; தூரமும் குறைவு. 2009-இல் வெளியான ஆய்வில் அளந்து பார்த்தபோது, பிரிட்டன் செல்லும் கூட்டத்தின் இறக்கைகள் ஸ்பெயின் செல்லும் கூட்டத்தின் இறக்கைகளைவிடச் சற்று வட்டமாகியிருந்தன. அரை நூற்றாண்டுக்குள் இந்த மாற்றம்!

அந்தலூஸைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் ஒரு செய்தியைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் குர்துபாவில் வாழ்ந்த அறிஞர் அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ், உடம்பில் இறகுகளைப் பொருத்தி இறக்கைகள் அமைத்துப் பறக்க முயன்றதாக வரலாற்றாசிரியர் மக்கரீ எழுதியிருக்கிறார். சிறிது தூரம் சென்றாராம். இறங்கும்போது முதுகில் அடிபட்டதாம். பறவை வாலின் துணையோடு இறங்குகிறது என்பதைக் கவனிக்காமல், வால் வைக்காமல் விட்டதே காரணம் என்பது அவர் தரும் விளக்கம். இறக்கையை மட்டும் பார்த்தால் போதாது என்பதை அந்த முதுகு அறிந்திருக்கும்.

கூரிய இறக்கைதான் நெடும்பயணத்துக்கு ஒரே வழியா? இல்லை. வெண்ணாரையைப் பாருங்கள். அதன் இறக்கை அகன்றது. நுனி இறகுகள் விரித்த கைவிரல்களைப் போலத் தனித்தனியே நிற்கும். அதுவும் ஐரோப்பாவிலிருந்து ஆப்பிரிக்கா வரை செல்கிறது. ஆனால் இறக்கையடித்துச் செல்வதில்லை. வெயிலில் சூடேறிய தரையிலிருந்து காற்று மேலெழும்புகிறதல்லவா, அதில் ஏறி வட்டமிட்டு உயர்ந்து, அடுத்த எழுகாற்று வரை சறுக்கிச் செல்லும். கடலின் மேல் அத்தகைய எழுகாற்று கிடைப்பது அரிது. எனவே அது மத்தியதரைக் கடலைக் குறுக்கே கடக்காமல் சுற்றிச் செல்கிறது. மேற்கே 14 கிலோமீட்டர் அகலமுள்ள ஜிப்ரால்டர் நீரிணை, அதாவது தாரிக் பின் ஸியாதின் பெயரைத் தாங்கிய ஜபல் தாரிக். கிழக்கே இஸ்தான்பூலின் பாஸ்பரஸ், பிறகு ஷாம், சினாய். இறக்கை எந்த வழியை அனுமதிக்கிறதோ அதுவே அதன் வழி.

தெற்கு நோக்கிக் கூட்டமாகச் செல்லும் இந்த நாரையைத் துருக்கி மக்கள் "ஹாஜி நாரை" என்று அழைத்தார்கள். புனித பூமியின் திசையில் போய் வருகிறது அல்லவா! காயம்பட்டுப் பயணத்தைத் தொடர முடியாத நாரைகளுக்காக 19-ஆம் நூற்றாண்டில் பூர்ஸா நகரில் ஒரு மருத்துவமனையே இருந்தது. இஸ்தான்பூலின் உஸ்குதார் பகுதியில் உள்ள அயஸ்மா பள்ளிவாசலின் சுவரில், குருவிகள் தங்குவதற்கென்றே கல்லில் செதுக்கிய சிறு மாளிகைகளை இன்றும் காணலாம். பள்ளிவாசல் கட்டும்போதே பறவைக்கும் இடம் ஒதுக்கியவர்கள் நம் முன்னோர்கள். இன்று நம்மில் சிலர் மினாராவில் புறா அண்டக்கூடாது என்று முள்கம்பி பதிக்கிறோம். அதைப் பற்றி இன்னொரு நாள் பேசுவேன்.

அன்பர்களே! தலைக்கு மேலே இறக்கைகளை விரித்தும் மடக்கியும் பறக்கும் பறவைகளைப் பார்க்கும்படி அல்முல்க் அத்தியாயத்தின் 19-ஆம் வசனம் நம்மை அழைக்கிறது. அங்கே விரிப்பதைக் குறிக்க "ஸாஃப்பாத்" என்ற பெயர்ச்சொல்லும், மடக்குவதைக் குறிக்க "யக்பிள்ன" என்ற வினைச்சொல்லும் வந்துள்ளன. ஏன் இந்த வேறுபாடு? இமாம் ஸமக்ஷரீ தம் கஷ்ஷாஃப் விரிவுரையில் இதை விளக்குகிறார். கொள்கையில் நாம் அவரோடு வேறுபட்டாலும் மொழி நுட்பத்தில் அவருக்கு இணை அரிது. காற்றில் பறப்பது நீரில் நீந்துவதைப் போன்றது. அதில் விரித்திருப்பதே அடிப்படை நிலை. மடக்குவது அசைவுக்கு உதவியாக இடையிடையே நிகழ்வது. ஆகவே நிலையானதற்குப் பெயர்ச்சொல், அவ்வப்போது நிகழ்வதற்கு வினைச்சொல் என்பது அவர் கருத்தின் சாரம். ஹிஜ்ரி 538-இல் மறைந்த ஒருவர் பறவையை எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார்! இதை எடுத்துக்கொண்டு "இன்றைய விமானவியல் முழுவதும் இதில் இருக்கிறது" என்று மேடையில் முழங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. வசனம் நம்மைப் பார்க்கத்தான் சொல்கிறது. அவர் பார்த்தார். நாம் பையில் போட்டுக்கொண்டு வருகிறோம்.

இறக்கை எவ்வளவு சிறந்ததாயினும் அது மட்டும் பறவையை ஊர் சேர்க்காது. 2022-ஆம் ஆண்டு அக்டோபரில், பிறந்து ஏறத்தாழ ஐந்தே மாதமான ஒரு பறவை அலாஸ்காவிலிருந்து புறப்பட்டு, எங்கும் இறங்காமல் 11 நாட்களில் 13,560 கிலோமீட்டர் பறந்து ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவை அடைந்தது. அதன் முதுகில் பொருத்திய கருவியின் மூலம் இது தெரிய வந்தது. பட்டைவால் மூக்கன் என்ற அந்த இனமும் உள்ளான் குடும்பம்தான். புறப்படுவதற்குமுன் இந்தப் பறவைகள் சேற்றுவெளியில் வாரக்கணக்கில் தின்று உடம்பில் கொழுப்பைச் சேர்த்துக் கொள்கின்றன. பயணத்தில் பயன்படாத இரைப்பையும் குடலும் சுருங்கிவிடுகின்றன. சுமையைக் குறைத்துக்கொண்டு கிளம்பும் பயணி! ஆனால் திரும்பும்போது அவை சீனாவுக்கும் கொரியாவுக்கும் இடையே உள்ள மஞ்சள் கடலின் சேற்றுவெளிகளில் இறங்கி இரைதேடியாக வேண்டும். அந்தச் சேற்றுவெளியில் பாதிக்கும் மேற்பட்ட பரப்பு அரை நூற்றாண்டில் மண் நிரப்பப்பட்டும் வேறு வகையிலும் அழிந்துவிட்டது. பல்லாயிரம் கிலோமீட்டர் பறந்து வந்தவனுக்கு, வழக்கமான முஸாஃபிர்கானா இருந்த இடத்தில் சுவர் நிற்கிறது.

தங்குமிடம் இருந்தாலும் வலை காத்திருக்கிறது. காடைகள் சோர்ந்து வந்து விழும் அதே எகிப்தின் வடகரை நெடுகிலும், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்கு வலைகள் கட்டப்படுகின்றன. மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள நாடுகளில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 2.5 கோடிப் பறவைகள் சட்டத்துக்குப் புறம்பாகக் கொல்லப்படுவதாக 2015-இல் ஒரு மதிப்பீடு வெளியானது. முதல் வரிசையில் எகிப்தும் இருக்கிறது, இத்தாலியும் இருக்கிறது. ஆகவே இது ஒரு சமூகத்தின் குற்றமன்று. ஆனால் ஸல்வா இறங்கிய கரையில் இது நடப்பது எனக்குத் தனியாக வலிக்கிறது.

நம் நாட்டிலேயே ஒரு சம்பவம். அமூர் வல்லூறு என்பது நீண்டு கூர்ந்த இறக்கையுள்ள சிறு வேட்டைப்பறவை. கிழக்கு ஆசியாவிலிருந்து புறப்பட்டு, நாகாலாந்தில் இளைப்பாறி, இந்தியாவின் குறுக்கே பறந்து, அரபிக்கடலை இறங்காமல் தாண்டி ஆப்பிரிக்கா செல்வது. 2012-இல் நாகாலாந்தின் தோயாங் நீர்த்தேக்கத்தருகே இவை வலையில் சிக்கிக் கொல்லப்படுவது வெளியுலகுக்குத் தெரிய வந்தது. ஒரே பருவத்தில் லட்சத்துக்கும் மேல் என்றார்கள். ஏழை மக்கள், அவர்களுக்கு அது வருமானம். ஆயினும் பாங்க்தி முதலான கிராமங்களின் சபைகள் கூடி முடிவெடுத்தன. தேவாலயங்களில் போதகர்கள் இதைப் பற்றிப் பேசினார்கள். அடுத்த ஆண்டு, 2013-இல், அங்கே வலை கட்டப்படவில்லை. ஒரே வருடம் போதுமானதாக இருந்தது. அவர்களால் தங்கள் மேடையிலிருந்து பேச முடிந்ததென்றால், மிம்பரில் நிற்கும் என்னைப் போன்றவர்கள் இத்தனை காலம் எதைப் பேசிக் கொண்டிருந்தோம் என்று என்னையே கேட்டுக் கொண்டேன்.

இப்போது அந்த இளைஞரின் கேள்விக்கு வருகிறேன். நகங்களால் இரையைக் கிழித்துண்ணும் பறவைகளை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். உள்ளான் அந்த வகையைச் சேர்ந்ததன்று. முறைப்படி அறுத்தால் அதன் இறைச்சி தன்னளவில் ஆகுமானதே. இதை மறைத்துப் பேச எனக்கு அனுமதியில்லை. அல்லாஹ் ஆகுமாக்கியதை நான் விலக்க முடியாது. ஆனால் இறைச்சி ஆகுமா என்பது ஒரு கேள்வி. இந்த வியாபாரத்தில் நீங்கள் பங்கேற்கலாமா என்பது வேறொரு கேள்வி. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இவற்றைப் பிடிப்பதையும் விற்பதையும் வாங்குவதையும் தடை செய்கிறது. பொதுநலன் கருதி நாட்டில் இயற்றப்பட்ட, மார்க்கத்துக்கு முரணில்லாத சட்டத்தை மீறுவது நமக்கு அழகன்று. பசித்தவனுக்கு வேறு உணவில்லை என்ற நிலையும் இங்கில்லை. பக்கத்துத் தெருவில் கோழிக்கடை இருக்கிறது.

அபூதாவூத் கிரந்தத்தில் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு நிகழ்ச்சி உண்டு. ஒரு பயணத்தின்போது தோழர்கள் ஒரு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துவிட்டார்கள். தாய்ப்பறவை வந்து, இறக்கைகளை விரித்துத் தவித்தது. அதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், குஞ்சுகளை எடுத்து அதை வருத்தியது யார் என்று வினவி, திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். கவனியுங்கள்: அங்கிருந்தவர்களும் பயணிகள். அந்தப் பறவை பேசவில்லை. விரித்த இறக்கையிலிருந்தே அவர்கள் அதன் துயரைப் படித்தார்கள்.

இவ்வளவும் சொன்னபின் அந்தத் தம்பி, "அப்படியானால் விட்டுவிடுவோம் ஹஜ்ரத்" என்றார். நூலை அவிழ்த்தோம். நான் முதலில் விரித்துப் பார்த்ததன் இறக்கைகள் முழுதாக இருந்தன. அது உள்ளங்கையில் சற்று நேரம் அசையாமல் இருந்தது. பிறகு ஒரு கூவலுடன் எழும்பி, தென்னைகளுக்கு மேலே கிழக்கே திரும்பி உப்பளத்தின் பக்கம் போயிற்று. மற்ற மூன்றையும் எடுத்து இறக்கைகளை விரித்தபோதுதான் தெரிந்தது: வெளியோரத்து ஐந்தாறு இறகுகள் கத்தரிக்கோலால் வெட்டப்பட்டிருந்தன. கூரிய நுனி இருக்க வேண்டிய இடம் கோழியின் இறக்கையைப் போல மழுங்கியிருந்தது.

அவற்றை வனத்துறை ஊழியர் ஒருவரிடம் ஒப்படைத்தோம். இறகைப் பிடுங்கியிருந்தால் சில வாரங்களில் புதிது முளைக்கும். வெட்டினால், அடுத்த முறை தானாக உதிரும் வரை அடிக்கட்டை அப்படியே நிற்கும் என்று அவர் சொன்னார். சித்திரைக்குள் இவை புறப்பட முடியுமா என்று தம்பி கேட்டார். அவர் ஒன்றின் இறக்கையை மறுபடியும் விரித்துப் பார்த்துவிட்டு, "இந்த வருஷம் இல்லை" என்றார்.